படியின் பின்னே பிரியும் ஓட்டம்: நாம் காணும் அலைவு ஓட்டத்தினுடையதா, கருவியினுடையதா?

கேள்வி. பதிந்தவர்: ஓடைநீர்

வணக்கம். மூடிய நீர்க்கால்வாய் ஒன்றில், பின்னோக்கிய படியைத் தாண்டும் ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்து மீண்டும் சுவரோடு ஒட்டுவதையும், அந்தப் பிரிந்த ஓட்டம் எந்த வேகத்தில் நிலைகுலையத் தொடங்குகிறது என்பதையும் சில மாதங்களாக அளந்து வருகிறேன். எனக்குக் கிடைத்த முடிவுகள் கணக்கீட்டு ஆய்வுகளின் முடிவுகளோடு பொருந்தவில்லை. பிழை எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்காததால், அமைப்பை முழுமையாக விவரித்து உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

படிக்கு முன்னே கால்வாயின் உயரம் 15 மி.மீ., படியின் உயரமும் 15 மி.மீ.; ஆகவே படியைத் தாண்டியதும் உயரம் இரு மடங்காகிறது. அகலம் 180 மி.மீ., அதாவது படியின் உயரத்தைப் போல் 12 மடங்கு. படிக்கு முன் 1 மீட்டரும் பின் 1.2 மீட்டரும் நேரான பகுதி உண்டு. இரு முனைகளிலும் 20 செ.மீ.க்கு 20 செ.மீ. நீர்ப்பரப்புள்ள திறந்த தொட்டிகள் இருக்கின்றன. சிறிய பம்பு ஒன்று பின் தொட்டியிலிருந்து முன் தொட்டிக்கு நீரை ஏற்றுகிறது. முன் தொட்டியில் தேன்கூட்டு வலையும் பஞ்சுத் தட்டும் வைத்திருக்கிறேன். நீரின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். படியின் உயரத்தையும், நுழைவின் நடுக்கோட்டில் உள்ள உச்ச வேகத்தையும் கொண்டு ரெனால்ட்ஸ் எண்ணை (வேகத்தையும் நீளத்தையும் பாகுநிலையோடு ஒப்பிடும் பரிமாணமற்ற எண்) கணக்கிடுகிறேன். அவ்வாறு பார்த்தால் ரெனால்ட்ஸ் எண் 500 என்பது வினாடிக்கு ஏறத்தாழ 3 செ.மீ. வேகம்.

நான் கண்டவை இரண்டு. முதலாவது, ரெனால்ட்ஸ் எண் 300ஐ நெருங்கும்போதே, ஓட்டம் மீண்டும் ஒட்டும் கோடு கால்வாயின் குறுக்கே நேராக இல்லாமல் வளைகிறது. ஆனால் அந்த வளைவு காலத்தோடு மாறுவதில்லை. இரண்டாவது, 450க்கு மேல், ஒட்டும் இடத்துக்கு வெகுதொலைவு கீழே, ஊசி வழியே விட்ட சாயத்தின் இழை மேலும் கீழும் அலையத் தொடங்குகிறது. 500இல் இந்த அலைவு 6 முதல் 7 வினாடிக்கு ஒரு முறை, பார்வைக்கு ஒழுங்காகவே நிகழ்கிறது. லேசர் தளத்தில் துகள்களைப் படமெடுத்துப் பெற்ற திசைவேகத்தின் நிறமாலையிலும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அலைவு என்று காட்டும் படம்) அதே இடத்தில் ஒரு முகடு தெரிகிறது.

ஆனால் பார்க்லி, கோமஸ், ஹெண்டர்சன் ஆகியோர் 2002இல் இதே வடிவத்துக்குச் செய்த நிலைத்தன்மைக் கணக்கீடு, இரு பரிமாண ஓட்டம், அதாவது அகலத்தின் குறுக்கே மாறாத ஓட்டம், முதன்முதலில் நிலைகுலையும் மாறுநிலை ரெனால்ட்ஸ் எண் 748 என்கிறது. அதிலும் அங்கே தோன்றுவது அலைவு அன்று. காலத்தோடு மாறாத முப்பரிமாண அமைப்பு. இரு பரிமாணக் குலைவுகளைப் பொறுத்தவரை 1500 வரை ஓட்டம் நிலையானது என்றும் அவர்கள் காட்டியுள்ளனர். அப்படியானால் 500இல் நான் காணும் அலைவு இருக்கவே கூடாதது. இதை நிலையின்மை என்று எழுதலாமா, அல்லது என் கருவியின் குறை என்று ஒதுக்கிவிட வேண்டுமா? இரண்டில் எது என்பதைச் சோதனை வழியாகவே தீர்க்க என்ன செய்யலாம்?

பதில் 1. பதிந்தவர்: சுழல்தடம்

உங்கள் அளவீட்டுக்கும் அந்தக் கணக்கீட்டுக்கும் முரண்பாடு இல்லை என்றே எண்ணுகிறேன். கணக்கீடு கேட்ட கேள்வி ஒன்று, உங்கள் கால்வாய் சொல்லும் விடை வேறொரு கேள்விக்கானது.

பிரிந்த ஓட்டங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. சில, அலையியற்றியைப் போன்றவை. வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் இல்லாவிட்டாலும் அவை தமக்கென்று ஓர் அதிர்வெண்ணில் தாமே அலைகின்றன. உருளைக்குப் பின்னே ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 47ஐத் தாண்டியதும் மாறிமாறிக் கழன்று செல்லும் சுழல்கள் இதற்கு நல்ல சான்று. மற்றவை பெருக்கியைப் போன்றவை. மேலிருந்து வரும் சிறு குலைவு ஒவ்வொன்றும் ஓட்டத்தோடு கீழே அடித்துச் செல்லப்படும்போது பெருகுகிறது. ஆனால் குலைவு நின்றுவிட்டால், அது கடந்துபோன பிறகு ஓட்டம் மீண்டும் அமைதியாகிவிடுகிறது. பின்னோக்கிய படியின் ஓட்டம், உங்கள் வேக எல்லையில், இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நீங்கள் மேற்கோள் காட்டிய 748 என்னும் எண், ஓட்டம் தானாக நிலைகுலையும் எல்லை. அந்த எல்லைக்கு வெகு கீழேயே அது வலிமை மிக்க பெருக்கியாக இருக்க முடியும், அவ்வாறே இருக்கிறது.

எவ்வளவு வலிமை என்பதற்கும் விடை உண்டு. பிளாக்பர்ன், பார்க்லி, ஷெர்வின் ஆகியோர் 2008இல் இதே இரு மடங்கு விரிவுக்கு, உங்கள் வரையறையிலேயே கணக்கிட்டபோது, ரெனால்ட்ஸ் எண் 500இல் ஒரு குலைவின் ஆற்றல் அதிக அளவாக ஏறத்தாழ 80,000 மடங்கு வரை தற்காலிகமாக வளர முடியும் என்று கண்டனர். ஆற்றல் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வீச்சு ஏறக்குறைய 280 மடங்காகிறது. நுழைவில் வரும் இரைச்சலில் மிகச் சிறிய பங்கு அந்தச் சாதகமான வடிவில் அமைந்திருந்தாலே போதும், கீழே அது கண்ணுக்குத் தெரியும் அலைவாகிவிடும். உங்களுக்கு இன்னும் நேரடியாகப் பயன்படும் செய்தி அதே ஆய்வில் இருக்கிறது. நுழைவில் எல்லா அதிர்வெண்களும் சமமாகக் கலந்த வெண்ணிரைச்சலைச் செலுத்தியபோதும், கீழே கிடைத்தது குறுகிய அதிர்வெண் பட்டையில் அமைந்த அலைவுதான். வானொலிப் பெட்டி பல நிலையங்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஒலிப்பது போல, ஓட்டம் தனக்குப் பிடித்த அதிர்வெண்ணை இரைச்சலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே நிறமாலையில் முகடு இருக்கிறது என்பதாலேயே ஓட்டம் தானாக அலைகிறது என்று முடிவு கட்ட முடியாது. சோதனை ஆய்வாளர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இதுதான்.

இரண்டையும் பிரித்தறிய நான் முதலில் செய்யும் சோதனை மிக எளியது. ஓரிடத்தில் குத்துத்திசை வேகத்தை நீண்ட நேரம், குறைந்தது சில நூறு அலைவுகளுக்கு, பதிவு செய்யுங்கள். பின்னர் அந்த மதிப்புகள் எத்தனை முறை வந்தன என்று பரவல் படம் வரையுங்கள். தானாக அலையும் ஓட்டத்தில் வீச்சு ஏறத்தாழ மாறாதது என்பதால், அலைவின் இரு விளிம்புகளிலும் மதிப்புகள் குவிந்து, படம் இரு திமில்களோடு இருக்கும். இரைச்சலைப் பெருக்கும் ஓட்டத்திலோ வீச்சு எழுந்தும் தாழ்ந்தும் திரிவதால், நடுவில் ஒரே திமில் கொண்ட மணி வடிவம் கிடைக்கும். சாய இழையைச் சில நிமிடங்கள் மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ‘பார்வைக்கு ஒழுங்காகவே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அருள்கூர்ந்து சொல்லுங்கள்.

அடுத்து, உங்கள் தொட்டிகளைப் பற்றி ஒரு வலுவான ஐயம் எனக்கு இருக்கிறது. இரு திறந்த தொட்டிகளும் அவற்றை இணைக்கும் மூடிய கால்வாயும் சேர்ந்து ஒரு பெரிய ‘ப’ வடிவக் குழாயைப் போன்றவை. ஒரு தொட்டியில் நீர்மட்டம் சற்று உயர்ந்தால், கால்வாயில் உள்ள நீர்த்திரள் முன்னும் பின்னும் ஊசலாடும். நீங்கள் தந்த அளவுகளைக் கொண்டே கணக்கிட்டுப் பார்த்தேன். முன்பகுதி 1 மீட்டர் நீளமும் 27 சதுர செ.மீ. குறுக்குப் பரப்பும், பின்பகுதி 1.2 மீட்டர் நீளமும் 54 சதுர செ.மீ. பரப்பும் கொண்டவை. தொட்டிகள் ஒவ்வொன்றும் 400 சதுர செ.மீ. இந்த ஊசலின் அலைவு நேரம் 6.9 வினாடி என்று வருகிறது. நீங்கள் காணும் 6 முதல் 7 வினாடிக்குள் அது அடங்குவதைத் தற்செயல் என்று கடந்துபோக வேண்டாம். இரு தொட்டிகளின் நீர்ப்பரப்பையும் நான்கு மடங்காக்கினால் அலைவு நேரம் இரு மடங்காகி, 14 வினாடியை ஒட்டி வரும். முகடும் அதனோடு நகர்ந்தால், நீங்கள் அளந்தது உங்கள் தொட்டியை.

பதில் 2. பதிந்தவர்: சாயக்கோடு

மேலே சொன்னவற்றோடு, சாய இழையை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். பிரிந்த ஓட்டத்தை ஆராய்வோர் பலர் சாயத்தின் அழகில் மயங்கித் தவறான முடிவுக்குச் சென்றிருக்கிறார்கள். தொடக்கத்தில் நானும் அவர்களில் ஒருவன்.

சாய இழை காட்டுவது அந்த நொடியின் திசைவேகத்தை அன்று. ஊசியை விட்டுப் புறப்பட்டது முதல் அந்தச் சாயத் துளிகள் வழியெங்கும் பட்டவை அனைத்தின் கூட்டுத்தொகையை அது சுமந்து வருகிறது. ஹாமா 1962இல் வெளியிட்ட கணக்கு இதை மறக்க முடியாதபடி காட்டியது: வேகம் சீராக மாறும் அடுக்கில், வளராத சிறு அலை ஒன்றை மட்டும் சேர்த்தாலே, சாயக்கோடுகள் சுருண்டு, தனித்தனிச் சுழல்கள் உருவாகிவிட்டன என்று நம்பும்படியான படத்தைத் தருகின்றன, ஓட்டத்தில் அத்தகைய சுழல்கள் இல்லை. சிம்பாலா, நாகிப், ரோஷ்கோ ஆகியோர் 1988இல் உருளைக்குப் பின்னே வெகுதொலைவில் புகையைக் கொண்டு செய்த சோதனைகளும் இதே எச்சரிக்கையைத் தருகின்றன. உருளைக்கு அருகே விடப்பட்ட புகை, சுழல்கள் ஏற்கெனவே தேய்ந்து மறைந்த இடத்திலும் அவற்றின் வடிவத்தைத் தாங்கி நின்றது. அந்தத் தொலைவிலேயே புதிதாக விடப்பட்ட புகையோ வேறொரு படத்தைக் காட்டியது.

ஆகவே ஒட்டும் இடத்துக்கு வெகுதொலைவு கீழே நீங்கள் காணும் அலைவின் அளவைச் சாயத்திலிருந்து எடுக்காதீர்கள். சாய ஊசியைப் பல இடங்களுக்கு நகர்த்தி, எந்த இடத்திலிருந்து விட்டாலும் அலைவு அதே இடத்தில் தொடங்குவதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தொடங்கும் இடம் ஊசியோடு நகர்ந்தால், அது ஓட்டம் நிலைகுலையும் இடம் அன்று. சாயம் தன் நினைவைச் சேர்த்துக்கொண்ட தூரம் மட்டுமே.

ஊசியின் தடிமனையும் கவனியுங்கள். வினாடிக்கு 3 செ.மீ. ஓட்டத்தில் 1 மி.மீ. ஊசியின் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 34. அதன் பின்னே சுழல்கள் கழலா. அதே இடத்தில் 2 மி.மீ. ஊசியை வைத்தால் ரெனால்ட்ஸ் எண் 67 ஆகி, 47 என்ற எல்லையைத் தாண்டிவிடும். வினாடிக்கு இரண்டு என்ற கணக்கில் சுழல்கள் கழன்று, படியை நோக்கிச் செல்லும் ஓட்டத்தில் கலக்கும். ஓட்டத்தைக் காட்டுவதற்காக வைத்த பொருளே ஓட்டத்தைத் தூண்டும் பொருளாகிவிடும். இயன்றால் ஊசியை அறவே நீக்கிவிட்டு, படியின் முகத்திலோ மேற்சுவரிலோ சிறு துளையிட்டு மிக மெதுவாகச் சாயத்தைக் கசியவிடுவது நல்லது.

பதில் 3. பதிந்தவர்: அளவுகோல்

300இல் ஒட்டும் கோடு வளைவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அதுவே முக்கியமானதாகத் தெரிகிறது.

ஆர்மலி, டுர்ஸ்ட், பெரெய்ரா, ஷோனுங் ஆகியோர் 1983இல் வெளியிட்ட லேசர் டாப்ளர் அளவீடுகளை நீங்கள் படித்திருப்பீர்கள். காற்றில், 1.94 மடங்கு விரிவுள்ள கால்வாயில், ரெனால்ட்ஸ் எண் 70 முதல் 8000 வரை அளந்தார்கள். ஏறத்தாழ 400க்கு மேல் ஓட்டம் இரு பரிமாணமாக இருப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. உங்கள் 300ம் அவர்களின் 400ம் வேறு வேறு என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் ரெனால்ட்ஸ் எண்ணுக்கு எடுத்துக்கொண்ட வேகம் உச்ச வேகத்தில் மூன்றில் இரு பங்கு. எடுத்துக்கொண்ட நீளம் நுழைவு உயரத்தின் இரு மடங்கு. உங்கள் கால்வாயில் நுழைவு உயரமும் படி உயரமும் சமம் என்பதால், உங்கள் எண்ணை மூன்றில் நான்கால் பெருக்கினால் அவர்களின் எண் கிடைக்கும். உங்கள் 300 அவர்களின் 400 ஆகிறது. இருவரும் ஒரே நிகழ்வையே கண்டிருக்கிறீர்கள். அதே கணக்கில் பார்க்லி குழுவின் 748, ஆர்மலி குழுவின் அளவில் ஏறத்தாழ 1000. பிரிந்த ஓட்டங்களைப் பற்றிய கட்டுரைகளை ஒப்பிடும்போது, எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதன் வரையறையைப் பார்க்கும் பழக்கம் மிகவும் தேவை; இத்துறையில் பல வீண் விவாதங்கள் அங்கேதான் பிறந்தன.

இப்போது கேள்வி கூர்மையாகிறது. முடிவில்லா அகலமுள்ள கால்வாயில் 748 வரை நேராக இருக்க வேண்டிய கோடு, உங்களிடமும் அவர்களிடமும் 300இலேயே ஏன் வளைகிறது? பக்கச் சுவர்களே காரணம் என்பதற்கு வலுவான சான்று உண்டு. வில்லியம்ஸ், பேக்கர் ஆகியோர் 1997இல் பக்கச் சுவர்களையும் சேர்த்து முப்பரிமாணத்தில் கணக்கிட்டபோது, பக்கச் சுவரின் அருகே கீழ்ச் சுவரை ஒட்டி ஒரு தாரை தோன்றி, கால்வாயின் நடுவை நோக்கிப் பாய்வதைக் கண்டனர். ஆர்மலி குழுவின் கால்வாய், படி உயரத்தைப் போல் 36 மடங்கு அகலமானது. அவ்வளவு அகலத்திலும் ஓட்டம் முப்பரிமாணமாயிற்று. உங்களுடையது 12 மடங்கே. அகலம் படி உயரத்தைப் போல் 10 மடங்குக்கு மேல் இருந்தால் நடுப்பகுதியில் சுவர்களின் தாக்கம் சிறிது என்று டி பிரெடெரோடேயும் பிராட்ஷாவும் 1972இல் தந்த அளவுகோலைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். ஆனால் அது கொந்தளிப்பான ஓட்டத்துக்கானது. அடுக்குகள் கலக்காமல் செல்லும் மெதுவான வரிச்சீர் ஓட்டத்துக்கு அதை அப்படியே பொருத்துவது பிழை.

இன்னொன்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 748இல் தோன்ற வேண்டிய முப்பரிமாண அமைப்பின் குறுக்கு அலைநீளம் படி உயரத்தைப் போல் 6.9 மடங்கு. 12 மடங்கு அகலத்தில் அத்தகைய அலைகள் இரண்டுகூட முழுதாக அடங்கா. ஆகவே உங்கள் கால்வாயில் வேகத்தை உயர்த்திக்கொண்டே போனாலும், 748இல் நிகழ்வதைத் தெளிவாகக் காண இயலாது. அங்கே நீங்கள் காணப்போவது பக்கச் சுவர்கள் வடிவமைத்த ஒன்றாகவே இருக்கும். கால்வாயை அகலமாக்க முடியாவிட்டாலும் குறுக்க முடியும். மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றைப் புதிய பக்கச் சுவராக நிறுத்தி, அகலத்தைப் படி உயரத்தைப் போல் 8 மடங்காகக் குறையுங்கள். ஒட்டும் கோட்டின் வளைவு சுவரோடு சேர்ந்து இடம் மாறினால், அது சுவரின் செயல்.

வெப்பநிலையைப் பற்றியும் ஒரு சொல். 25 டிகிரியை ஒட்டி, நீரின் பாகுநிலை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் குறைகிறது. காலையில் 500 என்று எழுதியது, நீர் இரண்டு டிகிரி சூடான பிறகு 520 ஆகிவிடும். லேசரும் பம்பும் நீரைச் சூடாக்குகின்றன என்பதால், ஒவ்வொரு பதிவோடும் வெப்பநிலையைச் சேர்த்து எழுதுங்கள். வினாடிக்கு 3 செ.மீ. வேகத்தில், மேல் நீருக்கும் கீழ் நீருக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தாலும் மிதப்பு விசை சிறியதே. வேகம் 1 செ.மீ.க்கு இறங்கினால் அது 9 மடங்கு முக்கியமாகிவிடும். அந்நிலையில் ஒட்டும் தூரமே மாறக்கூடும்.

பதில் 4. பதிந்தவர்: நுண்ணலை

முதல் பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் அதைப் படிப்பவர், பெருக்கியாக நடக்கும் ஓட்டத்தில் காண்பதெல்லாம் ‘கருவியின் குறை’ என்று எண்ணிவிடக் கூடாது. கேள்வி கேட்டவரின் சொற்களிலேயே அந்த எண்ணம் இருப்பதால் இதை அழுத்தமாக எழுதுகிறேன். அடித்துச் செல்லப்படும் நிலையின்மையும் நிலையின்மைதான். குலைவு எங்கிருந்து வந்தது என்பதைக் கருவி தீர்மானிக்கிறது. அது எவ்வளவு வளரும், எந்த அதிர்வெண்ணில் அதிகம் வளரும் என்பவற்றை ஓட்டம் தீர்மானிக்கிறது. பின்னவையே ஆராயத்தக்க பொருள்.

பிரிந்த ஓட்டங்களின் சோதனை வரலாற்றில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்ததே. ஃப்ரைமுத் 1966இல், தாரையின் விளிம்பிலிருந்து பிரியும் வரிச்சீர் எல்லைப் படலத்தை (சுவரை ஒட்டி வேகம் குறைந்த மெல்லிய அடுக்கை) ஒலிபெருக்கியின் ஒலியால் தூண்டி, ஓட்டத்தில் குளிரும் அளவைக் கொண்டு வேகத்தைக் காட்டும் சூடான கம்பி உணரியால் குலைவின் வளர்வீதத்தை அளந்தார். தூண்டலே இல்லாத ஓட்டத்தைத் தேடி அவர் காத்திருக்கவில்லை. சுற்றியுள்ள இரைச்சலை வெல்லும் அளவுக்கு, ஆனால் ஓட்டத்தின் நேரியல் தன்மை கெடாத அளவுக்கு, தாமே ஒரு தூண்டலைக் கொடுத்தார். அவருடைய அளவீடுகள், குலைவு காலத்தில் வளர்கிறது என்று கொள்ளும் கணக்கைவிட, தூரத்தில் வளர்கிறது என்று கொண்டு மிகால்கே 1965இல் செய்த கணக்கோடு நன்றாக ஒத்துப்போயின. நீங்களும் அந்த வழியைப் பின்பற்றலாம். படிக்கு வெகு முன்னே, சுவரோடு பொருந்திய சிறு சவ்வு ஒன்றை மெல்ல அதிரச் செய்யுங்கள். ஓர் அதிர்வெண்ணில் தூண்டி, தூண்டலின் கட்டத்தோடு இணைத்துப் படங்களை எடுத்துச் சராசரி காணுங்கள். அப்போது இரைச்சல் கழிந்து, உங்கள் குலைவு மட்டும் மிஞ்சும். தூண்டலை இரு மடங்காக்கும்போது கீழே அலைவும் இரு மடங்காகிறதா என்று சரிபார்த்த பிறகே வளர்வீதத்தைக் கணக்கிடுங்கள். ஆகவில்லையென்றால் நேரியல் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

தானாக அலையும் ஓட்டம் இந்தத் தூண்டலுக்கு வேறு விதமாக விடையளிக்கும். அது தன் அதிர்வெண்ணுக்கு நெருங்கிய தூண்டலோடு மட்டும் பூட்டிக்கொள்ளும். மற்றவற்றைப் பெரிதும் பொருட்படுத்தாது. பெருக்கியோ அகன்ற ஒரு பட்டை முழுவதற்கும் பணிந்து விடையளிக்கும். உருளையின் சுழல்களைக் கொண்டு இதை அறிய விரும்புவோர், ப்ரோவன்சால், மாத்தி, புவாயே ஆகியோர் 1987இல் வெளியிட்ட அளவீடுகளைப் படிக்கலாம். மாறுநிலையை ஒட்டி அலைவு எவ்வளவு மெதுவாக வளர்கிறது, எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதை நேரடியாக அளந்து, ஓட்டம் தானே அலைகிறது என்பதை அவர்கள் நிறுவினார்கள்.

எதிர்த்திசை ஓட்டத்தின் வலிமையும் ஒரு குறிப்பைத் தரும். சுவரின் தாக்கமில்லாத ஷியர் அடுக்கில் (வெவ்வேறு வேகமுள்ள இரு ஓட்டங்களுக்கு இடைப்பட்ட அடுக்கு), எதிர்த்திசை வேகம் முன்திசை வேகத்தில் ஏறத்தாழ 13.6 சதவீதத்தைத் தாண்டினால் குலைவு அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கி வளரத் தொடங்கும் என்பது ஹியூர், மங்கேவிட்ஸ் இருவரும் 1985இல் கண்டது. சுவரை ஒட்டிய பிரிவுக் குமிழிகளுக்கு ஆலமும் சாண்டமும் 2000இல் 15 முதல் 20 சதவீதம் தேவை என்று கணித்தார்கள். உங்களிடம் துகள் படங்கள் இருப்பதால் இந்த விகிதத்தை நேரடியாகவே அளக்கலாம். சூடான கம்பியைக் கொண்டு மட்டும் இதை அளக்க முயல வேண்டாம். அந்த உணரிக்கு வேகத்தின் அளவு தெரியும், திசை தெரியாது. எதிர்த்திசை ஓட்டத்தையும் அது முன்னோட்டம் என்றே பதிவு செய்துவிடும்.

மறுமொழி. பதிந்தவர்: ஓடைநீர்

நான்கு பதில்களுக்கும் மனமார்ந்த நன்றி. இடைப்பட்ட நாட்களில் சிலவற்றைச் செய்து பார்த்தேன். முடிவுகளை அப்படியே எழுதுகிறேன்.

முதலில், நான் ‘ஒழுங்காக’ என்று எழுதியது பத்து நிமிடப் பார்வையை நம்பித்தான். இப்போது ஒன்றரை மணி நேரத்துக்குத் தொடர்ந்து பதிவு செய்தேன். வீச்சு சீராக இல்லை. சில அலைவுகள் பெருகி, பின் ஏறக்குறைய மறைந்து, மீண்டும் எழுகின்றன. பரவல் படத்தில் நடுவே ஒரே திமில்தான் இருக்கிறது, ஆனால் அதன் தோள்கள் மணி வடிவத்தைவிடச் சற்று அகன்றிருந்தன. இந்த அகலம் எனக்குக் குழப்பத்தைத் தந்தது. நீண்ட பதிவின் நிறமாலையைப் பார்த்ததும் காரணம் விளங்கியது. முன்பு ஒரே முகடு என்று நான் எண்ணியது உண்மையில் இரண்டு. அகன்ற மேடு ஒன்றும், அதன் மேலேயே நிற்கும் மெல்லிய கூர்முனை ஒன்றும் இருக்கின்றன. குறுகிய பதிவில் இரண்டும் கலந்து ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன.

பின்னர் இரு தொட்டிகளோடும் பக்கத் தொட்டிகளை இணைத்து, நீர்ப்பரப்பை நான்கு மடங்காக்கினேன். கூர்முனை 14 வினாடிக்கு அருகே நகர்ந்துவிட்டது. அகன்ற மேடு இருந்த இடத்திலேயே, 6 வினாடியை ஒட்டி, சற்று உயரம் குறைந்து நிற்கிறது. பரவல் படமும் இப்போது மணி வடிவத்துக்கு மிக நெருங்கிவிட்டது. முன்பு தொட்டியின் ஊசல் அதிர்வெண் ஓட்டம் விரும்பிப் பெருக்கும் பட்டைக்குள்ளேயே விழுந்திருந்ததால், அது மற்ற இரைச்சலைவிட மிகையாகப் பெருகி, ஒழுங்கான அலைவு போல எனக்குத் தோற்றமளித்திருக்கிறது. 2 மி.மீ. சாய ஊசியையும் நீக்கிவிட்டேன். நிறமாலையில் வினாடிக்கு இரண்டு என்னும் இடத்தில் இருந்த சிறு முகடு மறைந்துவிட்டது. அதை நான் மின்னிரைச்சல் என்று எண்ணியிருந்தேன்.

ஒட்டும் கோட்டின் வளைவு இன்னும் அப்படியே இருக்கிறது. கண்ணாடித் தகட்டைக் கொண்டு அகலத்தைக் குறைக்கும் சோதனையை அடுத்துச் செய்யப்போகிறேன். ஒரு கேள்வி மட்டும் எஞ்சியுள்ளது. அகன்ற மேட்டின் உச்ச அதிர்வெண்ணை ஓட்டத்தின் பண்பு என்று அறிக்கையில் எழுதலாமா? உள்ளே வரும் இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் சமம் என்று நான் எப்படி உறுதி சொல்வது?

பதில் 5. பதிந்தவர்: சுழல்தடம்

சமம் என்று உறுதி சொல்ல வேண்டியதில்லை, அளந்தால் போதும். படிக்கு முன்னே, நுழைவின் நடுவிலும் சுவருக்கு அருகிலும் அதே கால அளவுக்குப் பதிவு செய்து, அந்த நிறமாலையால் கீழே கிடைத்த நிறமாலையை வகுத்துவிடுங்கள். கிடைக்கும் விகிதமே ஓட்டத்தின் பெருக்கம். முழுக் குறுக்குவெட்டின் குலைவையும் ஓரிரு புள்ளிகள் சொல்லிவிடா என்பதால் இது தோராயமானதே. அதைச் சரிபார்க்க, நுண்ணலை சொன்னபடி ஐந்தாறு அதிர்வெண்களில் தூண்டி அளந்த பெருக்கத்தை அதே படத்தில் புள்ளிகளாக இடுங்கள். இரண்டும் ஒரே வளைகோட்டில் அமைந்தால் அந்த உச்ச அதிர்வெண்ணை ஓட்டத்தின் பண்பு என்று தயங்காமல் எழுதலாம். படி உயரத்தால் பெருக்கி, உச்ச வேகத்தால் வகுத்து, பரிமாணமற்ற எண்ணாகக் கொடுங்கள். மற்ற கால்வாய்களில் அளப்பவர்கள் அப்போதுதான் ஒப்பிட முடியும்.

அளவிடும் இடத்தையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள். அதிகப் பெருக்கம் கீழ்ச் சுவரில் ஓட்டம் ஒட்டும் இடத்தில் கிடைப்பதில்லை. மேற்சுவரில் தோன்றும் இரண்டாவது பிரிவுப் பகுதியும் முடிந்து, ஓட்டம் எல்லா ஒட்டுப் புள்ளிகளையும் கடந்த பிறகே அது கிடைக்கும். உங்கள் பின்பகுதி படி உயரத்தைப் போல் 80 மடங்கு நீளம் கொண்டது என்பதால் இடத்துக்குக் குறைவில்லை. லேசர் தளத்தைப் படியிலிருந்து நகர்த்திக்கொண்டே சென்று, பெருக்கம் ஏறி இறங்கும் முழுத் தூரத்தையும் அளந்த பிறகு படத்தை இங்கே பதியுங்கள். தகடு வைத்த பிறகு எடுக்கும் அளவீட்டையும் அதே அச்சுகளில் சேர்த்தால், பக்கச் சுவர்கள் இந்த அலைவைத் தொடுகின்றனவா என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும்.